பதினான்கு பேருக்கும் குளோரைடு

ஏழாவது பிள்ளையின் சோதனைக்குழாயும் வெள்ளையாகத் திரிந்தபோதுதான் வேதியியல் டீச்சர் ராமாமணிக்கு ஏதோ தப்பு என்று பட்டது.

மணி பத்தே முக்கால். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. காலையில் பதினான்கு பிள்ளைகள், மத்தியானம் இன்னொரு பதினான்கு. ஆளுக்கொரு சின்னக் குப்பியில், பெயர் ஒட்டாத ஓர் உப்பு.

இந்தப் பாடம் படிக்காதவர்கள் பயந்துகொள்ள வேண்டாம், இதுவும் அடுப்படி வேலை மாதிரிதான். கொடுத்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, மருந்து மருந்தாகச் சொட்டுவிட்டு, என்ன ஆகிறது என்று பார்த்து, உப்பின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். சில்வர் நைட்ரேட் விட்டதும் பால் தயிராகத் திரிந்தாற்போல் வெள்ளை விழுந்தால் உள்ளே குளோரைடு இருக்கிறது. விழாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

அன்றைக்குப் பதினான்கு பேரில் இரண்டே பேருடைய உப்பில்தான் குளோரைடு உண்டு. குப்பிகளை நிரப்பியவளே ராமாமணிதான், அவளுக்குத் தெரியாதா? ஆனால் மேசை மேசையாக நடந்து பார்த்தால் எல்லாக் குழாயிலும் வெள்ளை. சல்பேட்டுக்கு உண்டான சோதனையைச் செய்த பிள்ளைகளுக்கு அதிலும் வெள்ளை.

இரண்டாவது மேசையில் ஹாரிகா நின்றிருந்தாள். அவளுடைய குப்பியில் இருந்தது லெட் நைட்ரேட். தண்ணீரில் போட்டால் சர்க்கரை கரைந்தாற்போல் தெளிவாக நிற்க வேண்டிய உப்பு. அவள் கையில் இருந்த குழாயோ பால் கலந்த மாதிரி இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி கரைத்திருந்தாள். இரண்டாவது குழாயும் பால்தான்.

பிள்ளை நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தது. தேர்வில் பேசக்கூடாது. ஆனால் அந்தப் பார்வையிலேயே கேள்வி இருந்தது.

வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் வெங்கடபதி சார் உட்கார்ந்திருந்தார். புறத்தேர்வாளர், நகரத்துப் பள்ளியிலிருந்து வந்தவர். கறாரான ஆள் என்று மாவட்டம் முழுக்கப் பேர். காலையில் வந்ததும் பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "கண்ணுல பாத்ததை எழுதினா மார்க்குங்க, காதுல கேட்டதை எழுதினா சைபருங்க." அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. யார் எந்த உப்பு என்று எழுதிய தாள் அவர் சட்டைப்பையில் இருந்தது.

தலைமையாசிரியர் லட்சுமணசாமி எட்டிப்பார்த்தார். "சார், ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வந்துரலாங்க. நம்ம ரூம்லயே வெச்சிருக்குதுங்க."

வெங்கடபதி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிசம். மேடம், பாத்துக்குங்க."

அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்ததும் ராமாமணி தண்ணீர்த் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்து, ஒரு சுத்தமான சோதனைக்குழாயில் வெறும் தண்ணீரைப் பிடித்தாள். உப்பு கிடையாது, மருந்து கிடையாது, தண்ணீர் மட்டும். அதில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டாள்.

திரிந்தது.

தப்பு உப்பில் இல்லை, தண்ணீரில். ஜன்னலுக்கு வெளியே, தேர்வுக்காகக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அப்புசாமியைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு வாட்ச்மேனும் அவர்தான், மோட்டார் போடுகிறவரும் அவர்தான்.

"ஏனுங்கண்ணா, மேல் டேங்க்ல என்ன தண்ணிங்க?"

"போர்த் தண்ணிங்க அம்மணி. மேல எங்கியோ பைப்புல வேலை நடக்குதுன்னு ரெண்டு நாளா சிறுவாணி வரலீங்கல்ல. பரீட்சைப் புள்ளைங்க தண்ணி இல்லாமத் தவிக்கப் போவுதுன்னு நேத்துப் பொழுதோட மோட்டாரைப் போட்டு ரொப்பிப்போட்டேனுங்க." நல்லது செய்த பெருமை அவர் முகத்தில் இருந்தது. "பத்தலீங்களா? இன்னும் வேணுமுங்களா?"

"வேண்டாங்கண்ணா," என்றாள். ஆழ்குழாய்த் தண்ணீரில் இல்லாத உப்பா? ஆனால் அவரை என்ன சொல்ல முடியும்?

மலையிலிருந்து வருகிற சிறுவாணித் தண்ணீர் என்றால் கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஒரு கர்வம். ஒரம்பரைக்கு வந்த விருந்தாளிகள் ஒரு வாய் குடித்ததும் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்போம். ராமாமணிக்கும் அந்தக் கர்வம் இருந்தது. சோதனைச் சாலையில் காய்ச்சி வடித்த வாலை வடிநீர் வைத்துத்தான் உப்பைக் கரைக்க வேண்டும் என்பது விதி. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் இந்தப் பள்ளிக்கு வந்தபோது அது ஒரு சொட்டு இல்லை. உதவியாளர் பணியிடம் காலி, கேட்ட மருந்தில் பாதி வரவில்லை. ஒருநாள் சிறுவாணித் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் விட்டுப் பார்த்தாள். புகை படிந்தாற்போல லேசாக ஒரு மங்கல், அவ்வளவுதான். அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர்தான். "லேசா மங்கினா விட்ருங்க கண்ணுகளா, தயிராத் திரிஞ்சா எழுதுங்க," என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அத்தோடு நின்றாளா என்றால், இல்லை. வட்டார வேதியியல் ஆசிரியர்கள் முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். எல்லாரும் இவளைப் போலத்தான், மருந்து இல்லாமல், ஆள் இல்லாமல், தனியாக அல்லாடுகிறவர்கள். ஒருவர் பள்ளியில் இருக்கிற அமிலம் இன்னொருவர் பள்ளிக்குப் பஸ்ஸில் போகும். அவர்களுக்காக ராமாமணி ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து இருபது குறிப்பு எழுதினாள். எது இல்லாவிட்டால் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்று. செம்பருத்தியில் நிறங்காட்டி, இங்க் ஃபில்லரில் சொட்டுக்குழாய், இப்படி. பயிற்சிக் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். அந்த இருபதில் ஒன்பதாவது: *வடிநீர் இல்லையா? கவலை வேண்டாம். நம்ம சிறுவாணி போதும்.*

மணி பத்து ஐம்பது. இன்னும் ஐந்து நிமிடத்தில் வெங்கடபதி திரும்பிவிடுவார்.

ராமாமணிக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, நடந்ததை அவரிடம் சொல்வது. சொன்னால் ஆறு வருடமும் சேர்த்து வெளியே வரும். இன்னொன்று, மேசை மேசையாகப் போய்ப் பிள்ளைகள் காதில் உப்பின் பெயரைச் சொல்லிவிடுவது. பிள்ளைகள் புத்தகத்தில் படித்ததை அப்படியே எழுதிவிடும். யாருக்கும் நட்டமில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. சும்மா இருந்தாலோ, பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் தப்பாக எழுதுவார்கள். வருடம் முழுக்க உழைத்த மார்க், இவளுடைய தண்ணீரில் போகும்.

கால்கள் அவளைக் கேட்காமல் முதல் மேசைக்கு நடந்தன. அங்கே நிதீஷ் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றான். தியரியில் சுமாரான பையன். செய்முறை மார்க்கும் போனால் பாஸ் ஆவதே சந்தேகம்.

"மிஸ், இது வெள்ளையாங்க, மஞ்சளாங்க?"

குனிந்து அவனுடைய நோட்டைச் சரிபார்க்கிற மாதிரி, "அம்மோனியம் புரோமைடு," என்றாள் மெதுவாக. "புத்தகத்துல இருக்கற மாதிரி எழுதீரு சாமி."

அவன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. உடனே எழுத ஆரம்பித்தான், குழாயை அதற்குமேல் பார்க்கவே இல்லை.

அடுத்தது ஹாரிகா. ராமாமணி அருகில் போய் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டது. கண்ணில் தண்ணீர் நின்றது.

"மிஸ், கரைச்சதுமே பாலாப் போயிருதுங்க. மூணு தடவை பண்ணிட்டேனுங்க. க்ளோரைடும் வருது, சல்பேட்டும் வருது. ரெண்டும் எப்படிங்க ஒண்ணா வரும்? உப்பைப் பாத்தா லெட் நைட்ரேட்டாட்டம் இருக்குதுங்க. ஆனா நைட்ரேட்டுன்னு எழுதினா நான் பாத்ததை எழுதலைன்னு ஆயிருமில்லீங்க?"

ராமாமணியின் வாயில் இருந்த சொல் வாயிலேயே நின்றது.

இந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்தும் எழுதவில்லை. ஏனென்றால் பார்க்காததை எழுதாதே என்று இரண்டு வருடமாக இதே அறையில் நின்று சொல்லிக்கொடுத்தவள் ராமாமணி.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

"எழுதாத கண்ணு," என்றாள். "யாரும் எழுத வேண்டாம். எல்லாரும் பேனாவைக் கீழ வைங்க."

வெங்கடபதி வாசலில் நின்றுவிட்டார். பதினான்கு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தேர்வை அவர் பார்த்ததில்லை போலும். அவருக்குப் பின்னால் லட்சுமணசாமி, காப்பி வாசத்தோடு.

"என்னங்க மேடம் இது?"

"தண்ணி தப்புங்க சார்." ராமாமணி தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "டேங்க்ல போர்த் தண்ணி இருந்துருக்குதுங்க. நான் காலைல அதைத்தான் எல்லா வாஷ் பாட்டில்லயும் புடிச்சு வெச்சேன். உப்புல இல்லாததெல்லாம் தண்ணில இருந்து வருது. புள்ளைங்க செஞ்சதுல தப்பு எதுவும் இல்லீங்க."

வெங்கடபதி தொட்டிக்கு நடந்தார். அவரே குழாயைத் திறந்து, அவரே பிடித்து, அவரே இரண்டு சொட்டு விட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளை மெதுவாக அடியில் இறங்கியது.

"டிஸ்டில்டு வாட்டர் எங்கீங்க?"

"இல்லீங்க சார்."

"இன்னிக்கு இல்லீங்களா?"

"ஆறு வருசமா இல்லீங்க. சிறுவாணித் தண்ணியிலதான் நடத்துனேன்."

லட்சுமணசாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க டீச்சர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாமில்லீங்க? ஆறு வருசம் அறுபது வருசம்னு எதுக்குங்க இப்ப?"

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க சார்." நிறுத்தினால் மறுபடி சொல்லத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். "நீங்க காப்பிக்குப் போனப்ப நிதீஷுக்கு உப்போட பேரைச் சொல்லிப்போட்டேன். அவனாக் கேக்கலீங்க. நானாத்தான் சொன்னேன்."

நிதீஷ் தன் பேப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது நுனி சிவந்துவிட்டது.

வெங்கடபதி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "இந்தச் சிறுவாணிப் பழக்கம் உங்க ஸ்கூல்ல மட்டுந்தானுங்களா?"

அந்தக் கேள்வியில்தான் ராமாமணிக்கு அது உறைத்தது. ஒன்பதாவது குறிப்பு. இதே குழாய்த் தண்ணீரை நம்புகிற மற்றப் பள்ளிகள். அங்கேயும் இன்றைக்குத்தான் தேர்வு.

"எனக்கு ரெண்டு நிமிசம் போன் வேணுமுங்க சார்."

போன்கள் எல்லாம் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டியிருந்தன. வெங்கடபதி தலையசைத்தார். லட்சுமணசாமி வேறு வழியில்லாமல் சாவியோடு கூட நடந்தார். நடந்தபடியே, "குரூப்புலயெல்லாம் போட வேண்டாங்க டீச்சர். யாருக்காச்சும் தனியாச் சொல்லுங்க. ஸ்கூல் பேரு கெட்டுப் போவுமுங்க," என்றார்.

"யாருக்குன்னுங்க சார் தனியாச் சொல்றது? யாரெல்லாம் என் பேச்சைக் கேட்டு நடத்தறாங்கன்னு எனக்கே தெரியாதே."

தட்டச்சு செய்ய நேரமில்லை. குரலில் பதிவு செய்தாள்: "நான் ராமாமணி பேசறேனுங்க. என்னோட ஒம்பதாவது குறிப்பு தப்புங்க. யாரும் குழாய்த் தண்ணில உப்பைக் கரைக்காதீங்க. ரெண்டு நாளா சிறுவாணி வரலை, டேங்க்ல போர்த் தண்ணி இருக்கலாம். முதல்ல வெறும் தண்ணில சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்க. பேட்டரிக்கு ஊத்தற தண்ணி சீல் உடைக்காத கேன் கிடைச்சா, அதையும் சோதிச்சுட்டு வெச்சுக்குங்க. எங்க பசங்களுக்கு எல்லாம் தப்பா வந்துருச்சு. தப்பு என்னோடதுங்க."

தேர்வு நேரத்தில் யார் போனைப் பார்க்கப் போகிறார்கள்? குழுவில் இருந்த ஏழெட்டுப் பள்ளிகளின் அலுவலக எண்ணுக்கு அதையே அனுப்பினாள். அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நேராகக் கூப்பிட்டாள். அலுவலக உதவியாளர் எடுத்து, ஓடிப்போய் அங்கே வேதியியல் எடுக்கிற ஷேக் பரீத் சாரைக் கூட்டிவந்தார்.

"மேடம்," என்றார் பரீத். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டார். "எங்க பசங்களுக்கும் அப்படித்தானுங்க வருது. நான் பசங்களைத் திட்டிட்டு நிக்கறேன். டியூபைக் கழுவறதுக்குக்கூடத் துப்பில்லைன்னு ஒரு புள்ளைய அழ வெச்சுட்டேனுங்க."

"போய்ச் சொல்லிருங்க சார், சித்தயும் தாமசம் வேண்டாம்," என்று போனை வைத்தாள். வைப்பதற்குள் குழுவில் வரதராஜுலு என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது: *அடுத்த குறிப்பு போடும்போது தண்ணியைக் குடிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மேடம்.* அதற்குக் கீழே, அன்றைக்குத் தேர்வு வேலை இல்லாத மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

கணினி அறையில் யு.பி.எஸ். பேட்டரிக்கு ஊற்ற இரண்டு கேன் வடித்த தண்ணீர் வைத்திருந்தது அவளுக்கு நினைவு இருந்தது. அப்புசாமி இரண்டையும் தோளில் தூக்கிவந்தார். ஒன்று உடைத்தது, பாதி இருந்தது. ஒன்று சீல் உடைக்காதது.

ஏற்கனவே உடைத்திருந்த கேனிலிருந்து வெங்கடபதி முதலில் பிடித்தார். இரண்டு சொட்டு. வெள்ளை.

"அதுல கொறஞ்சப்ப யாரோ குழாய்ல புடிச்சு ஊத்திருப்பாங்களாட்டம் இருக்குதுங்க," என்றார் அப்புசாமி, யாரோ என்பது யார் என்று சொல்லாமல்.

இரண்டாவது கேனின் மூடியைத் திருகினார்கள். பதினான்கு பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். இதுவும் திரிந்தால் தொண்டாமுத்தூர் கடைக்கு ஆள் போய் வர முக்கால் மணி நேரம். அதற்குள் காலைத் தேர்வின் நேரமே முடிந்துவிடும்.

ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. வெங்கடபதி குழாயை ஆட்டினார். மூன்றாவதும் விட்டார்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

பிள்ளைகளிடமிருந்து ஒரு நெடுமூச்சு கிளம்பியது. ஆனால் வெங்கடபதி குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை மேசையில் தள்ளினார்.

"மேடம், புள்ளைங்களுக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்க ஒரு மணி நேரம் கூடக் கொடுக்கோணும். காரணம் எழுதாமக் கொடுத்தா நாளைக்கு யாராச்சும் கேட்டா இந்தத் தேர்வே செல்லாதுன்னு ஆயிரும். காரணம் நீங்கதான் எழுதிக் கொடுக்கோணும். ஒரு பையனுக்குப் பேரைச் சொன்னதையும் சேத்துத்தான். மேல இருந்து உங்களுக்கு விளக்கம் கேட்டு வரும். அதுக்கு மேலயும் வரலாம். நான் மறைக்க மாட்டேனுங்க."

லட்சுமணசாமி குனிந்து, "சார், தண்ணி வரலைன்னு மட்டும் எழுதிக்கலாமுங்களே. அதுவும் நெசந்தானே," என்றார்.

"தண்ணி வரலைங்கறது பைப்போட தப்புங்க. வராத தண்ணிய நம்பி நின்னது யாரோட தப்புங்க?"

ராமாமணி பேனாவை எடுத்தாள். துண்டு போர்த்திய மேடை ஒரு கணம் மனதில் வந்து போனது. பிறகு எழுதினாள். வடிநீர் வைக்காதது, காலையில் தண்ணீரைச் சோதிக்காதது, ஒரு மாணவனுக்கு விடையைச் சொன்னது. ஆறு வருடம் என்பதையும் எழுதினாள். மொத்தம் ஒன்பது வரி வந்தது. கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் குறித்தாள். பதினொன்று இருபத்தைந்து.

வெங்கடபதி படித்துப் பார்த்து, கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

"தம்பி நிதீஷ், வேற குப்பி எடுத்துக்கப்பா."

"சார், நான் பாதி எழுதிட்டேனுங்களே," என்றான் நிதீஷ், அழுகிற குரலில்.

"எழுதினது யாருதுப்பா?"

அவன் வந்து புதுக் குப்பியை எடுத்துக்கொண்டான்.

தேர்வு மறுக்கா ஆரம்பமானது. ராமாமணி வாஷ் பாட்டில்களைக் கேன் தண்ணீரில் அலசி, ஆளுக்கு அளந்து ஊற்றினாள். கை கழுவுவதற்குக்கூட அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவைத்தாள். மத்தியானப் பிள்ளைகளுக்குப் புதுக் கேன் வாங்க அப்புசாமி தன் மொபெட்டில் தொண்டாமுத்தூருக்குக் கிளம்பினார். போகும்போது, "நான் மோட்டாரு போடாம இருந்திருந்தா உங்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லீங்கல்ல அம்மணி," என்றார்.

"தண்ணி ரொப்பறது உங்க வேலைங்கண்ணா. பாக்கறது என் வேலை," என்றாள்.

தேர்வு முடியும் வரை அவள் எந்த மேசைக்கும் போகவில்லை. சுவரோரமாக நின்றாள். எந்தப் பிள்ளையாவது நிமிர்ந்து பார்த்தால் பார்வையை விலக்கிக்கொண்டாள், கண்ணால்கூட எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று. நிதீஷ் புதுக் குழாயை மூன்று முறை தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. முதல் முறையாக அவன் புத்தகத்தை நினைத்துக்கொள்ளாமல் குழாயைப் பார்க்கிறான் என்று தோன்றியது. சரியாகக் கண்டுபிடிப்பானா, தெரியவில்லை. அவன் பாஸும் ஃபெயிலும் இப்போது அந்தக் குழாயில் இருந்தன, அவளால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது.

மணி அடித்ததும் பேப்பர்களை வெங்கடபதி வாங்கி அடுக்கினார். யாருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. அவர் சொல்ல மாட்டார். நிதீஷின் பேப்பரை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் கையில் வைத்திருந்தார், பிறகு அதையும் அடுக்கில் சேர்த்தார்.

பிள்ளைகள் வெளியேறியபோது ஹாரிகா கடைசியாக வந்தாள். வாசலில் நின்றாள்.

"மிஸ், இந்தத் தடவை கண்ணாடியாட்டம் தெளிவா நின்னுச்சுங்க."

"சரி கண்ணு."

பிள்ளை போகவில்லை. புத்தகப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். "காலைல நீங்க என் டேபிளுக்கு வந்தப்ப ஏதோ சொல்ல வந்தீங்களே. நிதீஷுக்குச் சொன்ன மாதிரியா?"

ராமாமணிக்கு இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அன்றைக்கு அவள் ஒத்துக்கொண்டதெல்லாம் போதாதா? வெங்கடபதி பேப்பர்களைக் கட்டுவதை நிறுத்தியதும் அவளுக்குத் தெரிந்தது.

"ஆமா கண்ணு. உனக்கும் சொல்லத்தான் வந்தேன். நீ கேட்டதுல வாயடைச்சுப் போச்சு."

ஹாரிகா டீச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமா, வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாத பார்வை. பிறகு, "நான் போய்ச் சாப்பிடறேனுங்க மிஸ்," என்று சொல்லி வராந்தாவில் இறங்கி நடந்தாள்.

வாசலில் மத்தியானப் பிள்ளைகள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.